கம்மடுவைப் பாதையில் புதைந்த பெக்கோ

வன்னிச் சேறும் மலைச் சேறும் ஒன்றல்ல. எங்கள் வயல் சேற்றுக்கு ஒரு தரை உண்டு. தலைமுறை தலைமுறையாக எருமை மிதித்து, பிறகு உழவு மெசின் ஓடி, ஒரு முழத்துக்குக் கீழே மண் இறுகிப் படையாகிக் கிடக்கும். மெசின் புதைந்தாலும் சில்லு அந்தப் படையில் போய் நிற்கும். இரும்புச் சில்லு பூட்டியோ, பக்கத்து வயல்காரரின் மெசினைக் கொண்டுவந்து இழுத்தோ எடுத்துவிடலாம். மலை இடிந்து இறங்கிய சேற்றில் அப்படி ஒரு தரை கிடையாது. மேலே வெயில் பட்டுப் பொருக்கு விட்டிருக்கும். நடந்து கடக்கலாம் என்றே தோன்றும். அடியில் எத்தனை அடிக்குச் சகதி, அதற்குள் பாறை எங்கே, வேரோடு வந்த மரம் எங்கே என்று வெளியே நிற்கும் எவராலும் சொல்ல முடியாது. 2025 டிசம்பரில் மாத்தளை மாவட்டத்தில் அப்படிப்பட்ட சேற்றில் பெக்கோ என்ற மண் அள்ளும் மெசின் ஒன்று, இருபது டன் இரும்பு, இறங்கி நின்றதையும், அதை வெளியே எடுத்த விதத்தையும் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது.

டித்வா புயல் நவம்பர் கடைசியில் நாட்டை அலைக்கழித்துவிட்டுப் போய்ச் சில கிழமைகள் ஆகியிருந்தன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்திருந்தன. வவுனியாவில் காலையில் ஏறிய கண்டி பஸ்ஸில் பாதிப் பேர் நிவாரணப் பொதிகளோடு உறவினர் வீடுகளுக்குப் போகிறவர்கள். அரிசிச் சாக்கும் பால்மாப் பெட்டியும் நடைபாதையை அடைத்திருந்தன. ஏ9 வீதியில் மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை வரை சமவெளி. குளங்கள் விளிம்பு தட்டி நின்றன. தம்புள்ளையில் இறங்கித் தேநீர் குடித்தபோது விகாரை இருக்கும் குன்றைப் பார்த்தேன். மாத்தளை மாவட்டம் வடக்கே அங்கேதான் தொடங்குகிறது. சேற்றையும் வீதியையும் பற்றிப் பேச அது பொருத்தமான வாசல்.

1848ஆம் ஆண்டு ஜூலையில், வெள்ளைக்காரர் ஆட்சிக்கு எதிரான எழுச்சியின்போது, அந்தத் தம்புள்ளை விகாரையில்தான் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டிக்கொண்டார். அந்த எழுச்சிக்குக் காரணமாக இருந்த வரிகளில் துப்பாக்கி வரி, நாய் வரி என்று பல இருந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது வீதிச் சட்டம். வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். வெள்ளைக்காரத் துரைமாரின் கோப்பி மூட்டை வண்டிகள் மழைக்காலத்தில் அச்சு வரை புதைந்து நின்றன. அந்த வண்டிகளுக்கு வழி போடும் உழைப்பு அந்த வீதியால் ஒரு பயனும் காணாத கிராமத்து மனிதனின் தலையில் விழுந்தது. கூட்டம் மாத்தளைக்கு இறங்கி அரச கட்டிடங்களை உடைத்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டி போகம்பரையில் எழுச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். சேற்றில் நிற்கும் வண்டியை யார் தள்ளுவது, யார் செலவில் தள்ளுவது என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் நீண்ட கணக்கு இருக்கிறது.

நாவுலையைத் தாண்டினால் நாலந்தா. பிரதான வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே, நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், கெடிகே என்று அழைக்கப்படும் கற்கோவில் நிற்கிறது. பௌத்த விகாரைதான், ஆனால் பல்லவர் பாணிக் கட்டிடம். மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு அன்னியமாகத் தெரியாது. அது முதலில் நின்ற இடம் தாழ்வான வயல் நிலம். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அது மூழ்க இருந்தது. 1970களில் ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, எண் போட்டு, மேட்டுக்குக் கொண்டுவந்து திரும்ப அடுக்கினார்கள். முழுதாக நகர்த்த முடியாத பாரத்தைத் துண்டு துண்டாக்கித் தூக்கும் வழி அது. பெக்கோவைக் கழற்ற முடியாது. ஆனால் அதையும் ஒரே இழுப்பில் எடுக்க நினைப்பவன் தோற்பான் என்பதைப் பின்னேரம் பார்த்தேன்.

மாத்தளையில் பஸ் நின்றபோது மழைத் தூற்றல். முத்துமாரியம்மன் கோவில் கோபுரம் வீதியில் இருந்தே தெரிகிறது. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் கோவில். தென்னிந்தியாவில் இருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்த கோப்பிக் கூலிகள் மலை தொடங்கும் இந்த இடத்தில்தான் மூச்சு விட்டார்கள். இங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் இருந்து அதே தடத்தில் நடந்தவர்கள் ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடித்தார்கள். நானோ அந்தத் தூரத்தின் ஒரு பகுதியை அரைத்தூக்கத்தில் பஸ்ஸில் கடந்துவிட்டேன்.

ரத்தோட்டை வரை வீதி நல்லது. அங்கிருந்து கம்மடுவைப் பக்கம் ஏறும் ஓட்டோவில் போகும்போதுதான் மலையின் நிலை தெரிந்தது. பச்சைச் சரிவுகளில் மேலிருந்து கீழ் வரை சிவப்புக் கீறல்கள். மிளகுக்கொடி படர்ந்த கிளிசரிடியா மரங்களும் ஏலமும் தேயிலையும் கலந்த சரிவு, பாதி உருண்டு ஓடைக்குள் கிடந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்தப் பக்கத்தில் வடகீழ்ப் பருவ மழையும் விழும். புயலின்போது இந்த மாவட்டத்தின் மலைப்பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. பாறை மேல் உட்கார்ந்திருக்கும் உக்கிய மண்ணுக்குள் அவ்வளவு நீர் இறங்கினால், மண் துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி விட்டுப்போகும். பிறகு சரிவு முழுதும் நீராகவே ஓடும். அது வந்து நின்ற இடங்களில் ஒன்று, ஒரு தோட்டத்தின் லயத்துக்குப் போகும் பாதை.

பாதை யாருடையது என்பதே ஒரு வழக்கு. பெரிய வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. புயலுக்குப் பிறகு இராணுவமும் அவர்களும் முதலில் அதைத்தான் திறந்தார்கள், அது சரிதான். தோட்டத்துக்குள் போகும் பாதை தோட்டத்தினுடையது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டப்படி சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவழிக்கப் பல காலமாகத் தடை இருந்தது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தினாலும் வரிசையில் கடைசி இடம் கடைசி இடம்தான். இந்தப் பாதைக்கு மணித்தியாலக் கூலிக்கு ஒரு பெக்கோ வந்திருந்தது. ஜப்பானில் பல வருடம் ஓடிவிட்டு இரண்டாம் கையாக இலங்கைக்கு வந்த மெசின். அதுதான் புதைந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் நிறுத்தியிருந்தது. வலது பக்கச் செயின் முழுதாக மறைந்து, இடது பக்கச் செயினின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. அடிவயிறு சேற்றில் படிந்து கிடந்தது. குறுக்கே விழுந்த அல்பீசியா மரம் ஒன்றைப் பிடிப்பதற்காகச் சுத்தம் செய்த பாதையை விட்டு இரண்டு மெசின் நீளம் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுனர் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். மெசின் மேலே நின்று போனில் உரிமையாளரோடு சிங்களத்தில் வாதாடிக்கொண்டிருந்தான். இன்னொரு மெசினை அனுப்புகிறேன், கேபிள் போட்டு இழு என்கிறார் அவர். இவன் வேண்டாம் என்கிறான்.

"ஏன் தம்பி, இழுத்தால் வராதா?"

"இழுத்தா கேபிள் வரும்ணே. இல்லாட்டி கொக்கி வரும். வண்டி வராது. அடியில காத்து போகணும் மொதல்ல."

அவன் சொன்னது கணக்கிலும் சரி. இந்த அளவு பெக்கோவின் இரண்டு செயினும் நிலத்தில் படியும் பரப்பு நாலு சதுர மீட்டருக்குச் சற்று மேல். இருபது டன்னை அதில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ கூட வராது. நடக்கும் மனிதனின் ஒற்றைக்கால் தரும் அழுத்தத்தோடு வைத்துப் பார்த்தால் பெரிதாக அதிகமில்லை. செயினின் கதையிலும் சேற்றுக்குப் பெரிய இடம் உண்டு. கலிபோர்னியாவின் சான் வாக்கின் ஆற்றுப் படுகையில் நீராவி டிராக்டர்களின் சில்லு புதைவதைப் பார்த்த பெஞ்சமின் ஹோல்ட், சில்லை அகலமாக்கி அகலமாக்கிச் சலித்து, 1904 நவம்பரில் சில்லைக் கழற்றிவிட்டுப் பட்டை பூட்டி ஓட்டிப் பார்த்தார். இன்றைய பெக்கோவும் புல்டோசரும் அந்த வழியில் வந்தவை. ஆனால் அடிவயிறு சேற்றைத் தொட்டுவிட்டால் இந்தப் பரப்புக் கணக்கெல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எடை மட்டும் எதிரி இல்லை, உறிஞ்சலும் சேர்ந்துகொள்ளும். வயல் சேற்றில் கால் புதைந்தால் நேரே இழுக்காமல் குதிகாலைத் திருகி ஒரு பக்கம் காற்று விட்டுத்தானே எடுக்கிறோம், அதே விஷயம். மெசினைத் தூக்க முயலும்போது அடியில் வெற்றிடம் உண்டாகும். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் வளிமண்டலம் மேலிருந்து அழுத்தும். முழுக்க அடைபட்ட ஒரு சதுர மீட்டருக்கு அந்த அழுத்தம் பத்து டன் வரை போகலாம். இராணுவ மீட்புக் கையேடுகளில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: சில்லு வரை புதைந்த வாகனத்தை இழுக்க அதன் எடையளவு விசை வேண்டும், மட்கார்ட் வரை புதைந்தால் இரண்டு மடங்கு, அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. இங்கே அறுபது டன் இழுக்கும் மெசின் எங்கிருந்து வரும்? வந்தாலும் அது நிற்பதற்கு நிலம் எங்கே?

பையன் செய்த நல்ல காரியம், புதையத் தொடங்கியதுமே செயினைச் சுழற்றாமல் நிறுத்தியது. அனுபவம் இல்லாத கை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும். செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் உள்ள மண்ணை வாரி வெளியே போட்டுத் தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்ளும்.

லயத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பெண்களும் சிலர். கையில் மண்வெட்டி, அலவாங்கு, கவ்வாத்துக் கத்தி. அவர்களுக்கு அந்தப் பாதை திறந்தாக வேண்டும்; லயத்தில் நடக்க முடியாத கிழவிகள் இருக்கிறார்கள், கிளினிக் போக வேண்டிய கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள். மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். மாத்தளைத் தேருக்குப் பல வருடம் சறுக்குக்கட்டை போட்டவராம். உருளும் தேரின் சில்லுக்கு அடியில் எந்தக் கணத்தில் கட்டையை நீட்டுவது, எந்தக் கணத்தில் கையை எடுப்பது என்று தெரிந்தவர். அவர் மெசினைச் சுற்றி நடந்து, அலவாங்கால் அங்கங்கே குத்திப் பார்த்துவிட்டு, முதல் உத்தரவாகக் கால்வாய் வெட்டச் சொன்னார்.

அது எனக்கு உடனே பிடிபடவில்லை. மெசினின் பள்ளப் பக்கம் பத்தடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால். வெட்ட வெட்டப் பழுப்பு நீர் வழிந்து ஓடைப் பக்கம் இறங்கியது. குழிக்குள் நீர் தேங்கும் வரை எவ்வளவு மண் எடுத்தாலும் திரும்ப வந்து நிரம்பும். நீர் வடிந்ததும் சேறு கொஞ்சம் சொன்னபடி கேட்டது. பிறகு செயினின் இரு பக்கமும் மண்ணை எடுத்தார்கள். வயிற்றுக்கு அடியில் மண் எடுக்கும் முன் பையன் எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிப் பக்கெட்டை நிலத்தில் ஊன்றி, திரும்ப நிறுத்தி, சாவியைக் கழற்றி கங்காணியின் கையில் கொடுத்தான். அந்த ஒழுங்கை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரித் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. நீண்ட கம்பிகளால்தான் கிளறினார்கள். மெசினுக்கு அடியில் ஒருவரும் போகவில்லை.

மரத்துக்குப் பஞ்சமில்லை. மலையே கொண்டுவந்து போட்டிருந்தது. அல்பீசியா மெத்தென்ற மரம், நசுங்கும் என்று தள்ளிவிட்டு, யூக்கலிப்டஸாகப் பார்த்து எட்டடிக் குற்றிகள் வெட்டினார்கள். முதல் அடுக்கு பக்கெட்டுக்கு. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெக்கோவுக்குத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் கை இருக்கிறது. கையை நீட்டி பக்கெட்டை நிலத்தில் அழுத்தினால் அந்தப் பக்கச் செயின் மேலே எழும். ஆனால் பக்கெட் ஊன்றும் இடமும் சேறுதான், வெறுமனே அழுத்தினால் பக்கெட்டே இறங்கிப் போகும். அதனால் அதற்கு முதலில் மரத்தில் ஒரு மேடை.

எஞ்சின் ஓடத் தொடங்கியது. மேல்பாகம் வலது பக்கம் திரும்பி, பக்கெட் குற்றிகள் மேல் படிந்து, மெதுவாக அழுத்தியது. சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. மெசின் முனகியது, குற்றிகள் நெறிந்தன. "மெதுவா, மெதுவா, அவசரப்படாத" என்று கங்காணி கையை அசைத்தார். வயிற்றுக்கு அடியில் இருந்து ஒரு பெரிய ஏப்பம் வந்தது. காற்று உள்ளே போய்விட்டது. வலது செயின் ஒரு சாண் எழுந்தது, பிறகு ஒரு முழம். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். கங்காணி அந்த ஆளைத் திட்டிவிட்டு, குற்றிகளை நீளக் கம்பால் செயினுக்கு அடியில் தள்ளச் சொன்னார். இரண்டு, மூன்று, நாலு. பையன் இறக்கினான். பாதி உள்ளே அமுங்கிப் போயின. திரும்பத் தூக்கி, குறுக்காக இன்னொரு அடுக்கு. பிறகு மேல்பாகத்தைச் சுற்றி இடது பக்கத்துக்கும் இதே வேலை.

இப்போது மெசின் மரத்தின் மேல் நின்றது. ஆனால் நகர்ந்தால் வழுக்கும். கடைசி வித்தை அதற்குத்தான். நடுவே ஒரு தடித்த குற்றியை இரண்டு செயினுக்கும் குறுக்காகப் போட்டுச் சங்கிலியால் செயினோடு இறுகக் கட்டினார்கள். செயின் சுழலும்போது அந்தக் குற்றி அடியில் போய்ச் சேற்றில் பிடிக்கும். மெசின் அதன் மேல் ஏறி முன்னேறும். 1917இல் பிளாண்டர்ஸ் சேற்றில் பிரித்தானிய டாங்கிகள் வரிசையாகப் புதைந்தபோது அவற்றின் கூரையில் இதற்கென்றே இரும்பு பொதிந்த ஓர் உத்திரத்தைச் சுமந்து திரிந்தார்கள். புதைந்தால் சங்கிலியால் செயினில் பூட்டி அடியில் விடுவது. இந்தப் பையனுக்கு அந்தப் போரைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவன் இதைக் குருநாகலில் ஒரு குளத்தில் வண்டல் அள்ளும்போது ஒரு பாஸிடம் கற்றானாம். பாஸ் எங்கே கற்றார் என்று அவனுக்குத் தெரியாது. சேறு உள்ள இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் இதைப் புதிதாகக் கண்டுபிடித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அனுப்புகிறேன் என்று உரிமையாளர் சொன்ன இரண்டாவது மெசினும் இதற்குள் வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்பவில்லை. கெட்டியான பாதையில் நிறுத்தி, கேபிளைக் கட்டி, மெல்லிய இழுவையில் மட்டும் வைத்தார்கள். பள்ளப் பக்கம் சறுக்காமல் பிடித்துக்கொள்ள. கேபிளின் நடுவில் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். இறுகிய கேபிள் அறுந்தால் சாட்டையாகச் சுழன்று ஆளை இரண்டாக்கும். சாக்கின் பாரம் அதை நிலத்துக்கு இழுக்கும். கங்காணி எல்லோரையும் கேபிளின் நீளத்துக்கும் அப்பால் விரட்டினார். செல்போனில் படம் எடுக்க நெருங்கிய ஒருவனுக்கு என் முன்னாலேயே நல்ல தமிழில் கிடைத்தது.

பையன் கையை முன்னால் நீட்டி, பக்கெட் பல்லைக் கெட்டியான பாதை ஓரத்தில் கொளுவி, கையை மடக்கிக்கொண்டே செயினை ஓட்டினான். கையும் செயினும் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒன்று முந்தினால் மெசின் மூக்குக் குத்தும். குற்றி அடியில் போய் மறைந்தது, மெசின் உலுக்கியபடி அரை நீளம் நகர்ந்தது. நிறுத்தி, பின்னால் வெளியே வந்த குற்றியை அவிழ்த்து, முன்னால் கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். அவிழ்க்காமல் விட்டால் குற்றி மேலே சுற்றி வந்து மெசினின் உடம்பில் மோதும். இப்படிச் சில தடவை. ஒவ்வொரு தடவையும் பழைய குற்றிகளைப் பெண்கள் சேற்றில் இருந்து உருவி முன்னால் கடத்தினார்கள். அந்த வேலைக்கு யாரும் அவர்களை அழைக்கவில்லை. கையில் எடுத்தார்கள், செய்தார்கள். பத்திரிகைகளில் வரும் புயல் படங்களில் மஞ்சள் மெசின் இருக்கும், பக்கத்தில் ஓர் அதிகாரி கை நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்பார். குற்றி சுமந்தவர்கள் அந்தச் சட்டகத்துக்குள் வருவதில்லை.

செயின் கெட்டி மண்ணைத் தொட்டபோது மணி ஐந்து தாண்டியிருந்தது. லயத்தில் இருந்து ஒரு வாளியில் பிளேன்டீ வந்தது, உள்ளங்கையில் சீனியோடு. பையன் இறங்கி வந்து செயின் உருளைகளுக்குள் இறுகியிருந்த மண்ணைக் கம்பியால் தோண்டத் தொடங்கினான். இரவில் காய்ந்துவிட்டால் காலையில் உருளை சுற்றாதாம்.

அப்போதுதான் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மெசினைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு கபினுக்குள் எட்டி மணித்தியால மீட்டரைப் பார்த்தார். புதைந்து கிடந்த நேரத்துக்குக் கூலி தர முடியாது என்றார். மண் அள்ளிய மணித்தியாலம் மட்டும்தான் கணக்கு. பையன் சொன்னான், எஞ்சின் ஓடியது மீட்டரில் ஏறியிருக்கிறது, டீசல் எரிந்திருக்கிறது, அதை யார் தருவது? உரிமையாளர் போனில் மூன்றாவது குரலாகச் சேர்ந்துகொண்டார். சிங்களமும் தமிழும் கலந்து பேச்சு ஏறியது. கங்காணி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மெசின் கணக்கைப் பேசி முடிங்க தொரை," என்றார் ஒப்பந்தக்காரரிடம். "அப்புறம் எங்க ஆளுங்க பதினஞ்சு பேரு, அரை நாள் பேரு, அதையும் எழுதிக்கிருங்க."

ஒப்பந்தக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பக்கம் அவருடைய புத்தகத்தில் இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெண்களில் ஒருத்தி, மண்வெட்டியைக் கீழே வைக்காமலேயே, பேர்களைச் சொல்லத் தொடங்கினாள்.